சொரியாசிஸுக்கு வலிக்காத 'ஊசி பேட்ச்': நிஜமாவே வருதா? ஆன்லைனில் இப்போ விற்பது என்ன?

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலம். லட்சக்கணக்கான பேர் வெறுங்காலோடு நடக்கும் பாதை. நடந்து முடித்த பெரும்பாலானவர்களுக்கு மறுநாள் கெண்டைக்கால் வலிக்கும், அவ்வளவுதான்.

உள்ளங்காலில் சொரியாசிஸ் இருக்கிற ஒருவருக்கு அந்த 14 கிலோமீட்டர் வேற கணக்கு. தடித்துப்போன தோல் வெடிக்கும், வெடிப்பில் மண் ஏறும், ரத்தம் கசியும். சிலருக்கு அடுத்த சில வாரங்களில் உரசல் பட்ட இடத்திலெல்லாம் புதுசா படை கிளம்பும். வீட்டில் ஏற்கெனவே நாலைந்து ஆயின்ட்மென்ட் டியூப் பாதி காலியாகக் கிடக்கும். தடவினால் குறையும், விட்டால் திரும்ப வரும்.

இப்படி வருஷக்கணக்கில் அலுத்துப்போனவர்கள்தான் மொபைலில் தேடித் தேடிப் பார்க்கிற ஒரு பெயர், 'மைக்ரோநீடில் பேட்ச்'. கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான குட்டி ஊசிகள் பதித்த ஒரு பிளாஸ்திரி. ஒட்டினால் வலிக்காது, மருந்து நேராகத் தோலுக்குள் போகும் என்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. எந்த அளவுக்கு உண்மை?

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த அறிவியல் நிஜம். ஆனால் சொரியாசிஸுக்கோ எக்ஸிமாவுக்கோ மருந்து என்று ஒப்புதல் பெற்ற நுண்ணூசி பேட்ச் எதுவும் இன்றைக்கு மருந்துக்கடையில் கிடையாது. இதே பெயரில் ஆன்லைனில் விற்பது வேறு சரக்கு. அதை எடுத்துப் படை மேல் ஒட்டினால், நோய் அதிகமாகவும் வாய்ப்பு இருக்கிறது.

சொரியாசிஸ் ஏன் வருது?

நம் மேல்தோலில் அடியில் பிறக்கும் செல் மெல்ல மேலே வந்து, காய்ந்து, உதிர்ந்துபோக சுமார் 28 நாள் ஆகும். சொரியாசிஸில் இந்தப் பயணம் 3 முதல் 5 நாளில் முடிந்துவிடுகிறது. உடம்பின் எதிர்ப்பு சக்தி, எதிரியே இல்லாத இடத்தில் சண்டை போடுவதுதான் காரணம். அந்தச் சண்டையில் தோல் சிவக்கிறது, வீங்குகிறது, செல்கள் அவசர அவசரமாகப் பெருகி அடுக்கடுக்காகத் தேங்குகின்றன. அதுதான் வெள்ளிச் செதில் போல உதிர்வது. சித்த மருத்துவத்தில் இதற்குக் காளாஞ்சகப்படை என்று பெயர்.

இது தொற்று நோய் இல்லை. தொட்டாலோ, ஒரே சோப்பைப் பயன்படுத்தினாலோ, பக்கத்தில் படுத்தாலோ ஒட்டாது. இதை இன்னும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருமணப் பேச்சு நின்றுபோவதும், சலூனில் 'அப்புறம் வாங்க' என்று அனுப்புவதும் இன்னமும் நடக்கிறது. தொழுநோய் என்று நினைத்து ஒதுங்குபவர்களும் உண்டு. இத்தனைக்கும், தொழுநோய் சிகிச்சைக்காகவே 1950-களில் தொடங்கிய கரிகிரி மருத்துவமனை பக்கத்து வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. தொழுநோயே மாத்திரையில் முழுமையாகக் குணமாகிற நோய் என்பது வேறு விஷயம்.

இந்தியாவில் பெரியவர்களில் 0.44 முதல் 2.8 சதவீதம் பேருக்கு சொரியாசிஸ் இருக்கலாம் என்று ஆய்வுகள் கணக்குச் சொல்கின்றன. குறைந்த கணக்கை எடுத்தாலும், 1,000 பேர் நடக்கும் கூட்டத்தில் 4 பேருக்கு உண்டு. 2014-ல் உலக சுகாதார அமைப்பின் மாநாடு இதைத் தீவிரமான தொற்றா நோய் என்று அங்கீகரித்துத் தீர்மானமே போட்டது. அதாவது இது வெறும் 'அரிப்பு, சொறி' சமாச்சாரம் இல்லை. மூட்டுகளையும் தாக்கும். இதய நோய், சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் இவர்களுக்கு அதிகம்.

தடவுற மருந்து ஏன் உள்ளே போக மாட்டேங்குது?

தோலின் முதல் வேலையே வெளியிலிருந்து எதையும் உள்ளே விடாமல் இருப்பதுதான். மேல்தோலின் ஆக வெளியே, செத்த செல்களும் கொழுப்பும் சேர்ந்து கட்டிய ஒரு சுவர் இருக்கிறது. உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அவ்வளவு மெல்லிசு. ஆனால் செங்கல்லும் சாந்தும் வைத்துக் கட்டிய மாதிரி இறுக்கம்.

மருந்தின் மூலக்கூறு 500 டால்டன் எடைக்கு மேல் போனால் இந்தச் சுவரைத் தாண்டுவது கஷ்டம் என்பது தோல் மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சொரியாசிஸுக்குத் தரப்படும் சைக்ளோஸ்போரின் சுமார் 1,200 டால்டன். 'பயாலஜிக்ஸ்' எனப்படும் விலை உயர்ந்த ஊசி மருந்துகள் ஒன்றரை லட்சம் டால்டன் வரை. யானையை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளுகிற கதைதான்.

மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து இதில் ஒரு சுவாரஸ்யம். அதன் எடை 454 டால்டன்தான், கணக்குப்படி உள்ளே போக வேண்டும். ஆனால் அது எண்ணெய்ப் பசையோடு ஒட்டாத மருந்து, கொழுப்புச் சுவரில் வழுக்கிவிடும். அதனால்தான் பல ஆண்டுகளாக அதை மாத்திரையாகவோ ஊசியாகவோ கொடுக்கிறார்கள். முழங்கையில் இருக்கிற படைக்காக விழுங்கும் மருந்து கல்லீரல், எலும்பு மஜ்ஜை என்று உடம்பு முழுக்க சுற்றி வருகிறது. அடிக்கடி ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

படை மேல் தேங்கி நிற்கும் செதில் அடுக்கு வேறு. வாங்கிய களிம்பில் கணிசமான பகுதி அந்தச் செதிலோடு சேர்ந்து உதிர்ந்து பாயிலும் சட்டையிலும் போகிறது.

அந்தச் சுவரில் நூறு ஓட்டை போட்டா?

இந்த யோசனைக்கு வயசு ஐம்பதுக்கு மேல். 1976-லேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். ஆனால் அவ்வளவு சின்ன ஊசியைச் செய்யும் தொழில்நுட்பம் அப்போது கையில் இல்லை. கம்ப்யூட்டர் சிப் தயாரிக்கிற முறைகள் வளர்ந்த பிறகு, 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் சிலிக்கானில் ஊசி வரிசை செய்து காட்டினார்கள். ஆய்வகத்தில் மனிதத் தோலில் குத்திப் பார்த்தபோது, பொருள் உள்ளே போகும் வேகம் 1,000 மடங்குக்கும் மேல் கூடியது. அங்கிருந்துதான் இந்தத் துறை ஓட ஆரம்பித்தது.

இன்றைய நுண்ணூசிகள் பெரும்பாலும் கால் மில்லிமீட்டரில் இருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் நீளம். வலியை உணரும் நரம்புகளை அதிகம் தொடாத ஆழம். ஆகவே பூனையின் நாக்கு நக்கின மாதிரி ஒரு சொரசொரப்புத்தான் தெரியும் என்று சொல்கிறார்கள். லேசாக சிவந்து, சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளில் மறையும்.

ஊசியில் பல வகை. சிலது ஓட்டை மட்டும் போடும், மருந்தை மேலே தடவ வேண்டும். சிலதின் மேல் மருந்து பூசியிருக்கும். சிலதுக்கு நடுவே துளை, சாதா ஊசி போலவே. தோல் நோய்க்கு ஆய்வாளர்கள் அதிகம் நம்புவது கரையும் ஊசியை. ஹயலுரானிக் அமிலம் போன்ற, தோலிலேயே இயற்கையாக இருக்கும் பொருளில் மருந்தைக் கலந்து, சிலிக்கோன் அச்சில் ஊற்றிக் காயவைப்பார்கள். ஏறக்குறைய இட்லித் தட்டில் மாவு ஊற்றுகிற வேலைதான், குழிகள்தான் முடியளவு. ஒட்டி அழுத்தினால் ஊசி நுனிகள் உள்ளே போய், தோலின் ஈரத்திலேயே சில நிமிடங்களில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் கரைந்துவிடும். குத்திய ஊசியை எங்கே போடுவது என்ற கவலையும் இல்லை.

சரி, சொரியாசிஸில் சோதித்துப் பார்த்தார்களா?

பார்த்திருக்கிறார்கள். 2019-ல் சீன ஆய்வாளர்கள் ஹயலுரானிக் அமில ஊசிக்குள் மெத்தோட்ரெக்ஸேட் வைத்து ஒரு பேட்ச் செய்தார்கள். சொரியாசிஸ் போன்ற அழற்சி உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளின் முதுகில் ஒட்டினார்கள். அதே அளவு மருந்தை வாய் வழியாகக் கொடுத்த எலிகளைவிட, பேட்ச் ஒட்டிய எலிகளுக்குத் தோல் நன்றாகத் தேறியது. குறைந்த மருந்து, நேராக நோய் இருக்கிற இடத்துக்கு. இதுதான் இந்தத் துறையின் மொத்தக் கனவும்.

ஆனால் எலித் தோல் மெல்லிசு. எலிக்கு வரவழைக்கப்படுவது ஒரு களிம்பைத் தடவி உண்டாக்கும் சில நாள் அழற்சி, மனிதர்களுக்கு இருப்பதோ ஆண்டுக்கணக்கில் வந்து வந்து போகும் நோய். எலியில் வென்று மனிதரில் தோற்ற மருந்துகள் ஏராளம்.

மனிதர்களில்? தென்கொரியாவில் ஒரு சின்ன முயற்சி நடந்தது, 2018-ல் வெளியானது. வழக்கமான சொரியாசிஸ் ஆயின்ட்மென்ட்டைத் தடவி, அதன் மேல் மருந்தில்லாத நுண்ணூசி பேட்சை ஒட்டிப் பார்த்தார்கள். ஏற்கெனவே களிம்புக்கு மசியாமல் இருந்த படைகள் தேறின. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் பங்கேற்றவர்கள் மொத்தம் 10 பேர். 10 பேரை வைத்து ஒரு சிகிச்சையை ஊருக்கே எழுதிக்கொடுக்க முடியாது.

தடுப்பூசியில் இதே தொழில்நுட்பம் ரொம்ப முன்னே போய்விட்டது. ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பு மருந்தை நுண்ணூசி பேட்சாகக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு தடவை ஒட்டிய கைக்குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தட்டம்மைக்கு எதிரான பாதுகாப்பு கிடைத்தது. 2024-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகள் வெளிவந்தன. அதுவும் தொடக்க நிலை ஆய்வுதான் என்றாலும், குழந்தைகளிடமே பாதுகாப்பாக வேலை செய்தது.

தடுப்பூசிக்கு முடியுது, படைக்கு ஏன் முடியல?

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. தடுப்பூசிக்குத் தேவை துளி மருந்து, ஒரு தடவை, எங்காவது ஓரிடத்தில். சொரியாசிஸுக்குத் தேவை நிறைய மருந்து, திரும்பத் திரும்ப, படை இருக்கிற எல்லா இடத்திலும்.

ஒருவரின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கை அளவு, அவரது உடம்புத் தோலில் சுமார் ஒரு சதவீதம் என்பது மருத்துவர்கள் பயன்படுத்தும் கண்ணளவு. சராசரி உயரமுள்ள ஒருவரின் தோல் பரப்பு 1.7 சதுர மீட்டர் என்று வைத்தால், ஒரு சதவீதம் என்பது 170 சதுர சென்டிமீட்டர். ஆய்வுகளில் பயன்படும் பேட்சுகள் பல ஒரு சதுர சென்டிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கின்றன. அப்படியென்றால் ஓர் உள்ளங்கை அளவு படைக்கே 170 பேட்ச். உடம்பில் 10 சதவீதம் படை இருந்தால் 1,700. அதையும் ஒரு நாள் இல்லை, வாரா வாரம் என்று யோசித்துப் பாருங்கள். பேட்சின் அளவைப் பெரிதாக்கலாமே என்றால், முழங்கை, முழங்கால் மாதிரி வளைவான இடங்களில் எல்லா ஊசியும் ஒரே ஆழத்தில் இறங்காது.

ஊசி நுனியில் மருந்து வைக்கும் இடமும் குறைவு. மேலே சொன்ன சீன ஆய்வின் பேட்ச் தோலுக்குள் கொண்டுபோனது சுமார் 62 மைக்ரோகிராம். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையாகத் தரும்போது வாரத்துக்குப் பல மில்லிகிராம் கொடுப்பார்கள். ஒரு மில்லிகிராம் என்பதே 1,000 மைக்ரோகிராம். நேராக நோயிடத்துக்குப் போவதால் குறைவாகவே போதும் என்பது வாதம். எவ்வளவு குறைவு போதும் என்பதை மனிதர்களிடம்தான் நிரூபிக்க வேண்டும்.

ஒவ்வொருவர் தோலிலும் ஒரே அளவு மருந்து இறங்குமா என்பது இன்னொரு சிக்கல். இந்தக் கேள்வியில் பெரிய கம்பெனிகளே வழுக்கி விழுந்திருக்கின்றன. ஒற்றைத் தலைவலிக்கு நுண்ணூசி பேட்ச் கொண்டுவந்த அமெரிக்காவின் ஜோசானோ நிறுவனத்துக்கு 2020 அக்டோபரில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தரவில்லை. ஆளுக்கு ஆள் ரத்தத்தில் மருந்தின் அளவு மாறியது முக்கியக் காரணங்களில் ஒன்று. 2022-ல் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது. எலும்புத் தேய்மானத்துக்கான அபலோபாராடைட் மருந்தையும் ஊசிக்குப் பதில் பேட்சாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருஷத்தில் முதுகெலும்பின் அடர்த்தி ஊசி போட்டவர்களுக்கு சுமார் 10.9 சதவீதம் கூடியது, பேட்ச் ஒட்டியவர்களுக்கு 7.1 சதவீதம்தான். 2021 டிசம்பரில் வெளியான அந்த முடிவோடு அந்தத் திட்டம் படுத்துவிட்டது.

குத்தினா பரவுற நோய்க்கு ஊசியா?

தோல் மருத்துவர்கள் தயங்குவதற்கு முக்கியமான காரணம் இது. சொரியாசிஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, நல்ல தோலில் அடிபட்டாலோ கீறினாலோ சுட்டுக்கொண்டாலோ அந்த இடத்தில் புதிய படை முளைக்கும். 19-ம் நூற்றாண்டில் இதைக் கவனித்துச் சொன்ன ஜெர்மன் மருத்துவர் கோப்னர் பெயரிலேயே இதைக் 'கோப்னர் நிகழ்வு' என்கிறார்கள். பச்சை குத்திய இடத்தில் அதே வடிவத்தில் படை வருவது, இடுப்பில் கயிறு உரசும் இடத்தில் வளையமாக வருவது எல்லாம் இதுதான். கிரிவலம் முடிந்த சில வாரத்தில் பாதத்தின் ஓரங்களில் படை கிளம்புவதற்கும் இதே காரணம் இருக்கலாம்.

நுண்ணூசியும் ஒரு காயம்தான், ரொம்பச் சின்னக் காயம். அந்தச் சின்னக் காயம் கோப்னரைத் தூண்டுமா? கொரிய ஆய்வு போன்ற சின்ன முயற்சிகளில் படை தேறியிருக்கிறது. படைக்கு வெளியே உள்ள நல்ல தோலில் பட்டால், அதுவும் மாதக்கணக்கில் பட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய, நீண்ட ஆய்வு வேண்டும். எக்ஸிமாவில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே தோல் சுவர் ஏற்கெனவே ஓட்டை. சீழ் பிடிக்க வைக்கும் கிருமிகள் அந்தத் தோலில் அதிகம் குடியிருக்கும். அதில் மேலும் ஓட்டை போடும் முன் யோசிக்க வேண்டும்.

உள்ளங்காலுக்கு இது உதவுமா?

கிரிவலப் பாதையில் கஷ்டப்படும் அந்த ஆளுக்குத்தான் இது ஏமாற்றமான செய்தி. கையில், முதுகில் 10-20 மைக்ரான் தடிமனில் இருக்கும் அதே செத்த அடுக்கு, உள்ளங்காலில் பல மடங்கு தடி. சொரியாசிஸ் வந்து தடித்தால் கேட்கவே வேண்டாம். அரை மில்லிமீட்டர் ஊசி அங்கே செத்த தோலுக்குள்ளேயே நின்றுவிடும். உயிருள்ள அடுக்கைத் தொடவே தொடாது. நீளமான ஊசி வைத்தால் வலிக்கும், வலிக்காது என்பதுதானே இதன் பெருமையே.

ஆகவே உள்ளங்காலுக்கு இன்றும் பழைய வழிதான். சாலிசிலிக் அமிலம், யூரியா கலந்த களிம்பு வைத்துத் தடித்த தோலை முதலில் இளக்க வேண்டும், அப்புறம் மருந்து. இரவில் தடவி மேலே பாலிதீன் கவரோ சாக்ஸோ போட்டுக்கொண்டு படுக்கச் சொல்வது அதற்குத்தான். நுண்ணூசி பேட்ச் எப்போது வந்தாலும், களிம்புக்கு மசியாத ஒன்றிரண்டு படைகளுக்கு முதலில் பயன்படும் வாய்ப்புத்தான் அதிகம். உடம்பு முழுக்கப் பரவியவர்களுக்கு மாத்திரை, ஒளி சிகிச்சை, ஊசிதான் தொடரும்.

அப்போ ஆன்லைனில் விற்பது என்ன?

மூன்று வகை சரக்கு ஒரே பெயரில் சுற்றுகிறது. முகப்பருவுக்கு ஒட்டும் 'பிம்பிள் பேட்ச்' பெரும்பாலும் ஊசியே இல்லாத, நீரை உறிஞ்சும் ஸ்டிக்கர். கண்ணுக்குக் கீழே சுருக்கத்துக்கு ஒட்டுவதில் நிஜமாகவே கரையும் ஊசி இருக்கலாம். ஜப்பானில் 2008 வாக்கிலேயே இது அழகுப் பொருளாகக் கடைக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்குள் இருப்பது ஈரப்பதம் தரும் பொருள், சொரியாசிஸ் மருந்து இல்லை.

மூன்றாவதுதான் ஆபத்து. 'டெர்மா ரோலர்'. முள்ளு வைத்த குட்டி உருளை, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இதைப் படை மேல் உருட்டி, அதன் மேல் வீட்டில் இருக்கிற ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால் 'நல்லா உள்ளே இறங்கும்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஒரு பக்கம் கோப்னர், இன்னொரு பக்கம் கிருமித் தொற்று. வீட்டில் இரண்டு பேர் ஒரே ரோலரைப் பயன்படுத்தினால் ரத்தம் வழியாகப் பரவும் மஞ்சள் காமாலைக் கிருமிக்கும் வழி திறக்கும். ஸ்டீராய்டு அளவுக்கு மீறி இறங்கினால் தோல் மெலிந்து, வரி வரியாகி, திரும்பச் சரியாகாமல்கூடப் போகலாம்.

ஸ்டீராய்டு களிம்பை இஷ்டத்துக்கு வாங்கித் தடவும் பழக்கம் இந்தியாவில் ரொம்பப் பெரிய தலைவலி. தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்காகவே தனிக் குழு அமைத்துப் போராடியது. 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'ஷெட்யூல் எச்' பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சட்டம் இருக்கிறது. கடையில் பெயர் சொன்னால் டியூபும் கிடைக்கிறது.

நம்ம நாட்டில் என்ன நடக்குது?

2020-ல் ஐஐடி கரக்பூர் ஆய்வாளர்கள், கண்ணாடி போன்ற ஒருவகைக் கார்பனில் உடையாத நுண்ணூசியும், அதற்கு மருந்தை அளந்து தள்ளும் குட்டிப் பம்ப்பும் செய்து விலங்குகளில் சோதித்ததாக அறிவித்தார்கள். அது குறிப்பாகத் தோல் நோய்க்கு இல்லை, ஆனால் அடிப்படைத் தொழில்நுட்பம் இங்கேயே இருக்கிறது என்பதற்கு உதாரணம். சொரியாசிஸ் மருந்தில் இந்தியா பின்தங்கியும் இல்லை. பெங்களூரு பயோகான் உருவாக்கிய இட்டோலிசுமாப் என்ற பயாலஜிக் ஊசிக்கு 2013-லேயே சொரியாசிஸுக்காக இங்கே ஒப்புதல் கிடைத்தது.

பயாலஜிக் ஊசிகளை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். ஜவ்வாதுமலையில் இருக்கிற ஒரு நோயாளிக்கு, ஐஸ் டப்பாவில் ஊசியை எடுத்துக்கொண்டு மலை ஏறுவது நடைமுறையில் எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. குளிர்சாதனம் வேண்டாத, நர்ஸ் வேண்டாத ஒரு பேட்ச் வந்தால் பெரிய மாற்றம்தான். அதிலும் ஒரு முரண். கரையும் ஊசி ஈரத்துக்குப் பயந்தது. மழைக்கால ஈரக்காற்றில் பிரித்து வைத்தால் ஒட்டும் முன்பே நுனி மழுங்கிவிடும். சித்திரை வெயிலில் வியர்த்த தோலில் பேட்ச் நிற்பதும் சிரமம். நம்ம ஊர் வெயிலுக்கும் மழைக்கும் தனியாகச் சோதித்துத்தான் ஆக வேண்டும்.

அதுவரைக்கும் என்ன செய்யலாம்?

முதலில் நோய் எது என்று உறுதி செய்ய வேண்டும். படர்தாமரைக்கும் சொரியாசிஸுக்கும் மருந்து நேர் எதிர். படர்தாமரை மேல் ஸ்டீராய்டு பட்டால் அது உருமாறிப் பரவும். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் தோல் நோய் பிரிவில் காட்டலாம். பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் புற ஊதா ஒளி சிகிச்சையும் உண்டு. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போக வேண்டும் என்பதால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பஸ் செலவும் சம்பள இழப்பும்தான் காரணம்.

மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால், இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரி மறக்கக் கூடாதது என்றால் அது இதுதான்: அதை வாரத்தில் ஒரு நாள் மட்டும்தான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரை மாதிரி தினமும் விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிரிழந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. எந்தக் கிழமை என்று மாத்திரை அட்டையிலேயே பேனாவால் எழுதிவையுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவருக்கும் சொல்லிவையுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. குடிப்பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வெட்பாலைத் தைலம் பல வீடுகளில் இருக்கும். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் கருநீலமாக மாறுமே, அதுதான். சித்த மருத்துவர்கள் சொரியாசிஸுக்குத் தருவது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கும்போது, இதைத் தெரியாத ஆளிடம் பாட்டிலில் வாங்க வேண்டியதில்லை. குறிப்பாக 'மூன்றே நாளில் போயிடும்' என்று தரும் பெயர் ஒட்டாத பொடியும் லேகியமும் சந்தேகத்துக்குரியவை. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். சாப்பிடும்போது படை மாயமாக மறையும். நிறுத்தியதும் உடம்பு முழுக்கச் சிவந்து, சீழ்க் கொப்புளத்தோடு ஐசியூவில் சேர்க்க வேண்டிய நிலைகூட வரலாம்.

மருத்துவரிடம் போகும்போது, இதுவரை தடவிய டியூப், விழுங்கிய பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. காலில் படை இருப்பவர்கள் அடுத்த பௌர்ணமிக்கு நடக்கும் எண்ணம் இருந்தால், அதையும் முன்கூட்டியே சொல்லிக் கேளுங்கள். வெடிப்பில் ரத்தமோ சீழோ இருந்தால் அந்த மாதம் நடக்க வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். சர்க்கரை நோயும் சேர்ந்து இருந்தால் கண்டிப்பாகச் சொல்வார்கள்.